நெருப்பு வைத்தால் பைன் மரம் வளருமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த அடுத்த வாரம், குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். திருப்பூர்க்காரங்களுக்கு இது ஒரு பழக்கம். ஷிப்மென்ட் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமையோடு இன்னொரு நாள் சேர்த்து லீவு கிடைத்தால், தாராபுரம் வழியாகப் பழநி, அங்கிருந்து மலைப்பாதை.

மலைப்பாதையில் ஒரு வளைவில் புகை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவரும் மூன்று கூலி ஆட்களும் ரோட்டோரக் காய்ந்த புல்லுக்கு அவர்களே நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் பச்சைத் தழைக் கொம்பு. நெருப்பு ஒரு பக்கம் கொஞ்சம் தாண்டினால் அதால் அடித்து அணைப்பார்கள். எங்களுக்கு முன்னால் போன கார் நின்றது. இறங்கியவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே, "காட்டைக் காப்பாத்த வேண்டிய நீங்களே கொளுத்தறீங்களே" என்று சத்தம் போட்டார். மறைக்காமல் சொல்கிறேன், நானும் இறங்கிப் போய் அவரோடு சேர்ந்து இரண்டு வார்த்தை பேசினேன். கூலி ஆட்களில் வயதானவர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "இப்ப நாங்க வெச்சா இம்புட்டுத்தானுங்க எரியும். சித்திரைல வேற எவனாச்சும் வெச்சா எம்புட்டு எரியும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நெருப்பை வைத்துத்தான் எனக்குச் சோறு. துணி பிராசசிங்கில் இருபது வருஷம் ஆகிறது. அதில் சிஞ்சிங் என்று ஒரு வேலை உண்டு. பருத்தி நூலில் பின்னிய துணியின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பிசிறு நிற்கும். சாயம் ஏறிய பிறகு அந்தப் பிசிறுதான் துணியை மங்கலாகக் காட்டும், நாலு தடவை துவைத்தால் உருண்டு உருண்டு நிற்கும். அதை எடுக்க, துணியை வரிசையாக எரியும் கேஸ் பர்னர் மேல் வேகமாக ஓட்டுவோம். நெருப்பு பிசிறைத் தின்னும், துணியைத் தொடாது. நெருப்பின் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேலே. ஆனாலும் துணி பிழைப்பது அது அங்கே தங்கும் நேரம் மிகக் குறைவு என்பதால்தான். மெஷின் ஒரு கணம் நின்றாலும் அந்த இடம் பொத்தல். பர்னரில் சூடு எவ்வளவு என்று புதுசாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள். எத்தனை நேரம் என்று கேளுங்கடா என்பேன்.

இதையே மரத்துக்கும் கேட்கணும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் கொடைக்கானல் பைன் காட்டில் குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள். வழக்கமாக எல்லாரும் செய்வதுதான். அங்கே தரையே தெரியாது, ஊசியிலைச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். கால் வைத்தால் அமுங்கி எழும். இந்த மெத்தை பற்றிக்கொண்டால் இந்த மரங்கள் என்ன ஆகும் என்று என் மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. மலைப்பாதையில் அந்தப் பெரியவரிடம் நாங்கள் போட்ட சண்டையை நம்ம நாட்டு வனத்துறையே தனக்குள்ளும் தன் ஜனங்களோடும் நூற்றைம்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதில் நாங்கள் பேசிய பக்கம்தான் முதலில் அரசாங்கத்தின் பக்கம்.

1864-ல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளர் ஆனார். அதற்கு முன் பர்மாவில் தேக்குக் காடுகளைக் கவனித்தவர். அவர் கற்றுவந்த ஐரோப்பிய வனவியலில் நெருப்பு என்றால் விபத்து அல்லது குற்றம், இரண்டில் ஒன்றுதான். இங்கே வந்து பார்த்தால் மாசி, பங்குனியில் நாடு முழுக்கக் காடு எரிகிறது. மாடு மேய்ப்பவர்கள் புதுப்புல்லுக்காக வைக்கிறார்கள். மலைவாழ் மக்கள் விதைப்புக்காக வைக்கிறார்கள். நடக்க வழி வேண்டும், பாம்பு தெரிய வேண்டும், இலுப்பை மாதிரி பூ விழும் மரத்தடி சுத்தமாக இருக்க வேண்டும், இப்படி ஆயிரம் காரணம். 1860களில் மத்திய மாகாணத்தில் பியர்சன் என்ற ராணுவ அதிகாரி போரி என்ற காட்டை ஒரு கோடை முழுக்க எரியாமல் காத்துக் காட்டினார். அது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. காட்டை எரியாமல் காக்க முடியும் என்பதே அதுவரை யாரும் நம்பாத விஷயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாகாணமும் இந்த வருஷம் இத்தனை சதுர மைல் எரியாமல் காத்தோம் என்று அறிக்கையில் கணக்கு எழுதுவது வழக்கமாயிற்று. 1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தது. நம்ம பக்கத்துக்கு 1882-ல் சென்னை வனச் சட்டம். ஒதுக்குக்காட்டில் நெருப்பு வைப்பது குற்றம். மலையில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை, ஒரே நாளில் கேஸ் போடக்கூடிய காரியமாகிவிட்டது.

துறைக்குள்ளிருந்தே முதல் முணுமுணுப்பு வந்தது 1896-ல். பர்மாவில் வேலை பார்த்த ஸ்லேட் என்ற அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. வருஷக்கணக்காக எரியாமல் காத்த ஈரமான காடுகளில் தேக்கு முளைக்கவில்லை, மூங்கிலும் புதரும்தான் அடைத்துக்கொண்டன. தேக்குக்காகத்தான் காவலே! இதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அங்கே அந்தக் கொள்கையைத் தளர்த்த வேண்டிவந்தது.

தேக்கு இலையுதிர் மரம். என் மகள் கேட்டது பைனைப் பற்றி. அதற்கு வடக்கே இமயமலைக்குப் போகணும்.

குமாவுன், கட்வால் மலைகளில், சுமார் ஐந்நூறு மீட்டரிலிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரம் வரைக்கும், சிர் பைன் என்ற மரம் கோலோச்சுகிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்த நீண்ட ஊசி இலைகள். அறிவியல் பெயரில் ராக்ஸ்பரோவின் பெயர் இருக்கும். நம்ம சென்னை மாகாணத்தில் பணியைத் தொடங்கி, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றாரே, அந்த வில்லியம் ராக்ஸ்பரோதான். இந்த மரம் கோடையில் ஊசிகளைக் கொட்டும். எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள சருகு, சுலபத்தில் மக்காது. அதன் அடியில் புல் முளைக்காது. சரிவில் மாடு கால் வைத்தால் வழுக்கி உருளும். அதனால் ஊர்க்காரர்கள் அதைக் கொளுத்துவார்கள். மழை விழுந்ததும் இளம்புல் வரும்.

1911-லிருந்து 1917 வரைக்கும் குமாவுனில் காடுகளை அளந்து, ஒதுக்குக்காடாக அறிவித்து, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நெருப்புக்கும் தடை போட்டார்கள். துறைக்கு சிர் பைன் அப்போது பணம் காய்க்கும் மரமாக மாறியிருந்தது. பட்டையைச் செதுக்கி வடியவிட்டால் பிசின். அதைக் காய்ச்சினால் டர்பென்டைனும் ரோசினும். மருந்தூட்டினால் மரம் ரயில் ஸ்லீப்பருக்கும் ஆகும். 1916 கோடையில் காடுகள் எரிந்தன. 1921-ல் அதைவிடப் பெரிதாக எரிந்தன. அந்த வருஷம் ஜனவரியில்தான் பாகேஷ்வர் திருவிழாவில் ஜனங்கள் கட்டாயக் கூலி வேலைக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். கோடை வந்தபோது கோபம் காட்டின் பக்கம் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்றை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எடுத்துக்காட்டியிருக்கிறார். எரிந்தது பெரும்பாலும் பைன் காடு. ஊருக்குத் தழையும் விறகும் கொடுத்த, சுனை வற்றாமல் காத்த பாஞ்ச் ஓக் காடுகளை ஜனங்கள் தொடவில்லை. கண்மண் தெரியாமல் வைத்த நெருப்பாக இருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

அரசாங்கம் 1921-லேயே ஒரு குறைதீர்க் குழுவைப் போட்டது. விண்டம் என்ற அதிகாரி தலைவர். மறுவருஷம் கோவிந்த வல்லப பந்த், பின்னாளில் உத்தரப் பிரதேச முதலமைச்சர் ஆனவர், குமாவுன் வனப் பிரச்சினை பற்றி ஒரு நூலே எழுதினார். ஒதுக்குக்காட்டில் ஒரு பகுதி வனத்துறை கையை விட்டுப் போனது. 1931-ல் ஊர் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. இதெல்லாம் அரசியல் வரலாறு, புத்தகங்களில் விரிவாக இருக்கிறது.

எனக்கு ஆர்வமூட்டியது அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம். பைன் காட்டில் வனத்துறையே நெருப்பு வைக்க ஆரம்பித்தது.

சிர் பைனைப் பற்றி 1916-ல் தனி ஆய்வும், 1921-ல் இந்திய மரங்களின் வளர்ப்பு முறை பற்றிப் பெரிய நூலும் எழுதிய டிரூப் போன்றவர்கள் அந்த மரத்தைக் கூர்ந்து பார்த்திருந்தார்கள். கன்றாக இருக்கும்போது நெருப்பு அதைக் கருக்கும். ஆனாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பைன் இனத்தில் பலவற்றுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வளர்ந்த மரத்துக்குத் தடித்த, வெடிப்பு வெடிப்பான பட்டை. இப்படிப்பட்ட மரத்தின் அடியில் பத்து வருஷம் சருகைச் சேரவிட்டு ஒரு வைகாசியில் எரியவிடுவதைவிட, குளிர்காலத்தில், காற்று அடங்கிய நாளில், மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மெதுவாக நாமே எரித்துவிடுவது மேல் என்று கணக்குப் போட்டார்கள். மேலிருந்து கீழே என்பது முக்கியம். நெருப்பு சரிவில் ஏறும்போது முன்னால் இருப்பதைச் சூடாக்கிக்கொண்டே ஓடும், இறங்கும்போது தவழும். கன்றுகள் நிற்கும் இடத்தை மட்டும் அவை ஆளுயரம் தாண்டும் வரைக்கும் விட்டுவைத்தார்கள்.

பிசின் எடுக்கும் மரங்களுக்கு இன்னொரு விதி. செதுக்கிய இடத்தில் பிசின் உறைந்து நிற்கும். தரையில் ஊரும் சின்ன நெருப்பு அதில் பட்டால் திரி மாதிரி பிடித்துக்கொள்ளும். அடிமரத்தில் குழி விழும், அடுத்த பெருங்காற்றில் மரம் ஒடியும். அதனால் எரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சருகைக் கூட்டி ஒதுக்கணும். ஒரு மலை முழுக்க, மரம் மரமாக, துடைப்பம்! இந்த ஒரு மீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஊர்க்காரர் வைத்தால் கேஸ், துறை வைத்தால் வனவியல். இந்த வேடிக்கையைக் குமாவுன் ஜனங்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, எரித்தால் மரம் நன்றாக வளருமா? தழைக்குமா, தேயுமா? இதற்கு மரத்திடமே பதில் இருக்கிறது, ஆண்டு வளையங்களில். ஒரு வருஷம் நல்ல வளர்ச்சி என்றால் தடித்த வளையம், பஞ்சம் என்றால் மெல்லிய வளையம். நெருப்பு பட்டைக்கு உள்ளே போயிருந்தால் அந்த வருஷத்து வளையத்தில் கரிந்த தழும்பு. அதை மூட அடுத்தடுத்த வளையங்கள் இரண்டு பக்கமும் சுருண்டு வளரும். துணியில் ஓட்டை விழுந்த இடத்தைக் கைத்தையலில் இழுத்து மூடுவது மாதிரி.

மரத்தில் உயிரோடு இருப்பது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய படலம், கேம்பியம் என்பார்கள். அது சுமார் அறுபது டிகிரி சூட்டில் செத்துவிடும். நம்ம டையிங் மெஷினில் சாயம் ஓடும் சூடு, அவ்வளவுதான். வெளியே எழுநூறு டிகிரி நெருப்பு இருந்தும் உள்ளே அறுபது ஆகாமல் தடுப்பது பட்டை. பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால், உள்ளே சூடு போய்ச் சேர எடுக்கும் நேரம் நான்கு மடங்காகும். பெரிய மரம் தப்பிப்பதும் சின்ன மரம் சாவதும் இதனால்தான். மறுபடி பாருங்கள், சூடு அல்ல, நேரம்! என் சிஞ்சிங் மெஷின் கணக்கே காட்டிலும் ஓடுகிறது.

பதில் தேடி நான் அடுத்துப் போனது கலிபோர்னியாவுக்கு. வளையக் கணக்கு நீளமாகக் கிடைப்பது அங்கேதான். சியரா நெவாடா மலையில் நிற்கும் ராட்சத செக்வோயா, உலகிலேயே கன அளவில் பெரிய மரம். சில மரங்களுக்குப் பட்டையே இரண்டு அடி தடிமன். தாமஸ் ஸ்வெட்னமும் அவரோடு வேலை செய்தவர்களும் செத்து விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளை அறுத்து, இரண்டாயிரம் வருஷத்து நெருப்புகளைத் தழும்பிலிருந்து எண்ணினார்கள். அடிக்கடி நெருப்பு வந்திருக்கிறது, மரங்கள் நின்றிருக்கின்றன. பிறகு 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தழும்புகள் திடீரென்று அரிதாகிவிடுகின்றன. அங்கே வாழ்ந்து, எரித்துப் பராமரித்த பழங்குடிகளை விரட்டிய காலம். அடுத்து வந்தது நெருப்பை அணைக்கும் காலம். நம்ம கதைதான், வேறு மலையில்.

ஒரு வருஷம் அந்த வளையங்களில் தனியாகத் தெரிகிறது. கி.பி. 1297. மவுன்டன் ஹோம் என்ற தோப்பில் வழக்கத்துக்கு மாறான கடுமையான நெருப்பு. அதில் தப்பித்த மரங்களின் வளையங்கள் அதன் பிறகு அசாதாரணமாகத் தடித்திருக்கின்றன, வருஷக்கணக்காக. இங்கே சோழ, பாண்டிய ஆட்சிகள் மாறிய அந்த நூற்றாண்டில் அங்கே ஒரு மரத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஏன்? பக்கத்தில் நின்ற சின்ன மரங்கள் செத்ததால் தண்ணீருக்குப் போட்டி இல்லை. வெளிச்சம் வந்தது. சருகில் முடங்கிக் கிடந்த சத்துகளைச் சாம்பல் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தது. லிண்டா மட்ச் என்ற ஆய்வாளரும் ஸ்வெட்னமும் பூங்கா நிர்வாகம் வேண்டுமென்றே எரித்த இடங்களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பெரிய செக்வோயாக்கள் எரிப்புக்குப் பிறகு கூடுதலாக வளர்ந்திருந்தன. அக்கம்பக்கத்து மரங்களைக் கழிக்கும் அளவுக்குச் சூடாக எரிந்த இடத்தில் வளர்ச்சி இன்னும் தெளிவு.

ஆனால் மேலே உள்ள பச்சை ஊசிகள் கருகும் அளவுக்கு நெருப்பு ஏறினால், உணவு தயாரிக்கும் இலை குறைந்துபோகிறது. அடுத்த ஒன்றிரண்டு வளையங்கள் ஒல்லியாகும். பிறகுதான் மீட்சி. நெருப்பு உரம் மாதிரி வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான லாபம், போட்டிக்கு நின்ற பக்கத்து மரம் போனதால் வருவது.

இதைவிட என்னை உலுக்கியது அரிசோனாவில் நடந்த ஒரு சோதனை. 1976-ல் சிம்னி ஸ்பிரிங் என்ற இடத்தில், நூறு வருஷம் போல நெருப்பே படாத பாண்டரோசா பைன் காட்டில், வால்டர் சாக்கெட் என்ற ஆய்வாளர் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடைவெளியில் எரித்தார். பண்பட்ட, கட்டுப்பாடான எரிப்பு. சின்ன மரங்கள் கழிந்தன, எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த வருஷங்களில் முந்நூறு வருஷம் கண்ட பெரிய மரங்கள், எரிக்காத பாத்தியில் செத்ததைவிட அதிகமாக, ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. பட்டை தடித்த மரங்கள். உச்சி கருகவில்லை. பின்னே எப்படி?

காரணம் தரையில் இருந்தது. நூறு வருஷச் சருகு அந்தப் பெரிய மரங்களின் அடியில் மேடாகச் சேர்ந்திருந்தது. பெரிய மரம்தான் அதிகம் கொட்டும். மேலே நெருப்பு ஓடி முடிந்த பிறகும் அந்த மேடு மணிக்கணக்கில், சில இடத்தில் நாள்கணக்கில், தணலாகக் கனன்றது. தழல் இல்லை, புகைதான். ஆனால் சூடு தூரிலேயே உட்கார்ந்துவிட்டது. அதோடு, இத்தனை வருஷம் சருகு ஈரமாகவே இருந்ததால் மரம் தன் மெல்லிய வேர்களை மண்ணிலிருந்து மேலே, சருகுக்குள்ளேயே விட்டிருந்தது. சருகு எரிந்தபோது வேரும் சேர்ந்து எரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிட்டிங் கம்பெனி ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். நிட்டிங் ஹாலில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். மெஷினை ஷிஃப்டுக்கு ஒரு தடவை காற்றடித்துச் சுத்தம் செய்வார்கள், தரையைக் கூட்டுவார்கள். மேலே ஒயர் போகும் தட்டை மட்டும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பல வருஷத்துப் பஞ்சு. ஒரு ராத்திரி டியூப்லைட் சோக்கில் ஒரு பொறி. மெஷினுக்கு மேலே ஓடிய நெருப்பு நொடியில் ஹாலின் மறுமுனைக்குப் போய்விட்டது. சித்தப்பா கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. தினமும் கூட்டின தரையில் ஒன்றும் எரியவில்லை.

அரிசோனாக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? எரிப்பதற்கு முன்னால் பெரிய மரங்களின் தூரைச் சுற்றிச் சருகை வாரி ஒதுக்கிப் பார்த்தார்கள். இப்போது மேற்கு அமெரிக்காவில் பழைய பைன்கள் நிற்கும் காடுகளில் பல இடத்தில் இது வழக்கம். குமாவுனில் பிசின் மரத்தைச் சுற்றிக் கூட்டிய அந்த ஒரு மீட்டர்தான்.

கலிபோர்னியாவில் செக்வோயா தோப்புகளை வேண்டுமென்றே எரிக்கும் திட்டம் 1968-லிருந்தே இருக்கிறது. ஆனால் எரித்த பரப்பு தேவையில் ஒரு துளி. புகை பற்றிய புகார், பண நெருக்கடி, யாராவது தப்பு செய்தால் யார் பொறுப்பு என்ற பயம். 2020-ல் காசில் தீ வந்தது. அந்த ஒரே தீயில் 7,500-லிருந்து 10,600 வரை பெரிய செக்வோயாக்கள் செத்தன என்பது பூங்கா நிர்வாகத்தின் மதிப்பீடு. உலகில் இருக்கும் பெரிய செக்வோயாக்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினான்கு. மறு வருஷம் இன்னும் சில ஆயிரம். இரண்டாயிரம் வருஷத்தில் எத்தனையோ நெருப்பைத் தாங்கிய மரம், நூறு வருஷம் நெருப்பே படாமல் காக்கப்பட்ட பிறகு வந்த ஒன்றைத் தாங்கவில்லை.

உத்தராகண்டிலும் 2016-ல் ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் அளவுக்கு எரிந்தது. 2024-ல் நைனிதால் பக்கம் மறுபடி. இரண்டு தடவையும் செய்திகளில் வில்லன் சிர் பைன் சருகுதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. எரிப்பு பைனுக்குச் சாதகம் என்றால், நெருப்பு தாங்காத ஓக் கன்றுக்குப் பாதகம். எந்த மரம் வளரணும் என்பதை முடிவு செய்யாமல் எரிப்பு நல்லதா கெட்டதா என்று பேசுவது பாதிப் பேச்சு. தேவதாருவும் சிர் பைன் மாதிரி நெருப்பைத் தாங்காது. ஏன், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் ஊசியிலைக் குடும்பத்தைச் சேர்ந்த சொந்த மரம் ஒன்று இருக்கிறது, நாகேயா. ஊசி இல்லை, அகன்ற இலை, பார்த்தால் சொந்தக்காரன் என்றே தெரியாது. ஈரமான சோலையின் நிழலில் வளர்வது. அங்கே போய் யாரும் தீப்பெட்டி உரசக் கூடாது.

அப்படியானால் கொடைக்கானல் பைன்? 1906-ல் பிரையன்ட் என்ற வன அதிகாரி தொடங்கி வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்கு அந்த மலையில் பரவலாக நிற்பது பட்டூலா பைன், மெக்சிகோ மரம். தொங்கும் ஊசிகள். அடிமரத்தில் பட்டை தடிப்பு, மேலே போகப் போகச் செம்பழுப்பில் காகிதம் மாதிரி மெல்லிசு. கீழே ஊரும் சின்ன நெருப்பை வளர்ந்த மரம் தாங்கும். கொஞ்சம் ஏறினால் கஷ்டம். அவற்றில் பெரும் பகுதி, முன்பு புல்வெளியாக இருந்த மேடுகளில் நட்டது. அந்தப் புல்வெளியை மேய்ச்சல்காரர்கள் எரிப்பார்கள், அது மறுபடி முளைக்கும். புல் வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கை முடித்துக்கொள்ளும். பைன் சருகு முடிக்காது, சேர்த்துவைக்கும். குளிர்ந்த மலையில் மக்குவது இன்னும் மெதுவு.

இங்கே குரங்கணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். சென்னையிலிருந்தும் எங்கள் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் நெருப்பில் மாட்டினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரம் இந்த ஊரில் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு காட்டில் புகை என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும். மலைப்பாதையில் அன்று நான் கத்தியதிலும் அந்தக் கலக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காக்கிக்காரர்கள் தை மாதத்தில் எரித்துக்கொண்டிருந்தது தீத்தடுப்புக் கோடு. சித்திரையில் ரோட்டிலிருந்து ஒரு பீடித் துண்டு விழுந்தால், மேலே சரிவில் ஆட்கள் இருக்கும்போது நெருப்பு அங்கே போய்ச் சேராமல் இருப்பதற்காக. குரங்கணியை நினைத்து நான் சண்டை போட்டது, இன்னொரு குரங்கணி வராமல் இருக்க வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம்.

போன மாசி மாதம் மறுபடி போனோம். பெரியவர் இருந்த வளைவில் வண்டியை மெதுவாக ஓட்டினேன், யாரும் இல்லை. பைன் காட்டில் குழந்தைகளைச் சறுக்கவிட்டு, மகளும் நானும் கூட்டம் இல்லாத ஓரமாக ஒரு பெரிய மரத்தின் தூரில் உட்கார்ந்து விரலால் சருகைக் கிளறினோம். மேலே செம்பழுப்பு ஊசி, முழுசு முழுசாக. அடுத்து உடைந்து நிறம் மங்கியது. அதற்கும் அடியில் கறுப்பாக, ஈரமாக, கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாக்கெட்டில் இருந்த அடி ஸ்கேலை மகள் குத்தினாள். மண் தட்டுப்படுவதற்கு முன்னால் விரல் நீளத்துக்கு மேல் இறங்கியது. அந்தக் கறுப்புக்குள்ளே வெள்ளையாக, நூல் நூலாக வேர்.

கிளறியதை அப்படியே மூடிவிட்டு எழுந்தோம். இருபதடி தள்ளி ஒரு அக்கா தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். அட்டையால் விசிறும்போதெல்லாம் கரியிலிருந்து பொறி பறந்தது. வண்டியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சருகைக் கூட்டி, மண் தெரிய வைத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டேன். "யாரு சொல்லணும், சாமி. பார்த்தாத் தெரியாதா?" என்றபடி சோளத்தைத் திருப்பிப் போட்டார்.